கழற்றக் கூடாத மாலை

நவம்பர் 17

இன்று கார்த்திகை ஒன்று. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலை முழுகி, பிள்ளையார் கோயிலில் பெரியண்ணன் குருசாமி கையால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் பாலகுரு. வயரிங் வேலை பார்க்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என் சேக்காளி. சரணம் சொல்ல வாயைத் திறந்ததும் அவனிடமிருந்து நேற்றைய வாடை அடித்தது. குருசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாமி, கற்பூரத்துக்கிட்ட வராம கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். தீப்பிடித்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

விரத காலத்தில் தினமும் ஏதாவது எழுதினால் மனசு அலையாது என்று அவர்தான் சொன்னார். எழுதுகிறேன்.

கோவர்த்தனன் பெண்டாட்டிக்குப் பயந்து மாலை போட்டுவிட்டான் என்று துறையூர் முழுக்கப் பேசுகிறார்களாம். சுத்தப் பொய். தமயந்தி சொன்னது இவ்வளவுதான்: "கழுத்துல மாலை இருக்குற வரைக்கும் நான் இந்த வீட்டுல இருப்பேன். கழட்டிட்டுப் பழையபடி ஒயின்ஷாப்புக்குப் போனீங்கன்னா, கயலைக் கூட்டிக்கிட்டு முசிறிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." இதைப் போய் மிரட்டல் என்று யாராவது சொல்வார்களா? எங்கள் மகள் கயல்விழி பதினொன்றாம் வகுப்பு. அவள் என்னிடம் பேசியே நாளாயிற்று.

நான் குடிகாரன் இல்லை என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். குடிகாரன் என்றால் ரோட்டில் விழுந்து கிடப்பவன். நான் ஒருநாளும் ரோட்டில் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் எங்கள் வீட்டு நடைக்குள்தான்.

நவம்பர் 18

மரியாதை என்றால் இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை. "சாமி, காப்பி ஆறுது" என்கிறாள் தமயந்தி. அங்கன்வாடிக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் கருப்பு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போகிறாள். போன வாரம் வரைக்கும் இதே வாய் என்னை என்னவென்றெல்லாம் கூப்பிட்டது என்பதை விரத காலத்தில் எழுத முடியாது.

நவம்பர் 19

கை நடுங்குகிறது. பச்சைத் தண்ணீரில் குளிப்பதால்.

நவம்பர் 20

கடையில் ஒரு சின்னத் தகராறு. என் கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் நம்மிடம் டிசைன் தயாராக இருக்கும், முகத்தை மட்டும் மாற்ற வேண்டும். இன்றைக்கு மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கொடுத்த பெண்ணின் படம் போய்க் கண்ணீர் அஞ்சலியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வேறு. அப்பன்காரன் பேனரைப் பாதி விரித்ததும், "யோவ், எம்பொண்ணு உசுரோட இருக்குதுய்யா!" என்று ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினான். குத்துவிளக்கு மங்கலம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அடிக்க வந்துவிட்டான். சாமி என்பதால் தப்பித்தேன்.

புது மவுஸ் வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் வேறு எறும்பு ஊர்கிறது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைப்பக்கம் வந்த கயலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்கப்பா? ஒண்ணுமே இல்லயே" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண்பார்வை போதாது. ஆனாலும் 'அப்பா' என்று சொன்னாள்.

நவம்பர் 21

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு அதில் பாதி ஞாபகமும் இல்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

குருசாமி வீட்டில் பஜனை. ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தேன். கை தானாகவே படபடவென்று ஆடியதால் தாளம் பிரமாதமாக அமைந்தது. வேர்த்துக் கொட்டியது. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்து, கண் மேலே செருகி, பல்லைக் கடித்துக் கீழே விழுந்தேனாம். நாக்கில் ரத்தம். "அருள் வந்துருச்சு! ஐயப்பன் எறங்கிட்டான்!" என்று கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. சரணகோஷம் கூரையைப் பிய்த்ததாம். என்னைச் சுற்றித் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். ஒரு சில்லு நெற்றியில் பட்டு வீங்கியிருக்கிறது. தமயந்தி அழுதுகொண்டே கற்பூரம் காட்டினாளாம்.

விழித்தபோது குருசாமியே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது தடவை மலைக்குப் போனவர். அவருக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்லையே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

நவம்பர் 23

காலையில் கடையைத் திறந்தால் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு கூட்டம். பேனருக்கு வந்தவர்கள் இல்லை, குறி கேட்க வந்தவர்கள். ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரரு எப்ப சாமி குடிய விடுவாரு?" என்று கேட்டது. அதற்குப் பின்னால் நின்ற பெண்ணும் அதையேதான் கேட்டது. அதற்குப் பின்னால் நின்றதும் அதே. ஒருத்தி மட்டும் புருஷனைப் பற்றிக் கேட்கவில்லை, காலேஜ் போகும் மகனைப் பற்றிக் கேட்டாள். "ஏதோ மாத்திரையாம் சாமி. வாசனையே வர மாட்டேங்குது, கண்டுபிடிக்க முடியல" என்றாள். ஊரில் இவ்வளவு பேர் குடிக்கிறார்களா என்று எனக்கே திக்கென்றது. ஒயின்ஷாப்பில் நிற்கும்போது இத்தனை பேர் மாதிரித் தெரியாது.

எல்லாருக்கும் ஒரே வாக்குதான் சொன்னேன்: மாலை போடச் சொல்லு.

பாலகுரு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "மாப்ள, உனக்கு வந்தது எனக்கும் வருது. ஆனா நான் வயரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேனா, கரண்டு அடிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிறானுங்க."

நவம்பர் 27

பசியே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் ஒரு அரிஷ்டம் வாங்கினேன். மூலிகை மருந்து. மாலை போட்டவர் மருந்து சாப்பிடக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. லேபிளில் பொடி எழுத்தில் என்னவோ சதவீதம் போட்டிருக்கிறது. கண்ணாடியைக் கொண்டுபோகவில்லை.

நவம்பர் 28

நல்ல மருந்து.

டிசம்பர் 6

பசி நன்றாக எடுக்கிறது. எறும்புகள் போய்விட்டன. மவுஸும் தானாகச் சரியாகிவிட்டது. மருந்துக் கடைக்காரர், "என்னங்க சாமி, பெட்டியோட எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது? நாளையிலிருந்து வேறு கடை.

டிசம்பர் 12

பஜனையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னெச்சரிக்கையாகத் தேங்காய்கூட அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பாட்டு முடிந்து, சுண்டல் கொடுத்து, செருப்பைத் தேடும் வரை காத்திருந்தார்கள். வெளியே வரும்போது ஒருத்தர் காதுபட, "விரதத்துல எங்கயோ கொறை வெச்சுட்டாரு போல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நிம்மதியாக ஒரு மனிதன் கை நடுங்காமல் இருப்பது இந்த ஊருக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி 16

மலைக்குப் போய்விட்டு வந்தாயிற்று. நல்ல தரிசனம்.

திரும்பி வரும் வழியிலேயே பாலகுரு வேனை நிறுத்தச் சொன்னான். மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு, "சாமி, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். குருசாமி தலையில் அடித்துக்கொண்டார். ஊர் வந்து சேரும்போது பாலகுருவை இருமுடியோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள்.

எனக்கும் இன்று மாலை கழற்றும் நாள். எங்கள் வழக்கமான இடத்தில் எனக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பதாக அந்தோணி போன் செய்தான். டயர் கடைக்காரன். அவனுக்கு மாலை கிடையாது, தவக்காலம் வரட்டும் என்று குடித்துக்கொண்டே காத்திருக்கிறவன். எங்கள் இடம் என்பது ஒயின்ஷாப்புக்குப் பின்னால் ஒரு கொட்டகை. போன வருஷம் நான் அடித்துக் கொடுத்த போதை ஒழிப்புப் பேனர்தான் அதற்குக் கூரை. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ், ஒரு சொட்டு ஒழுகாது.

வாசல்படியில் தேங்காயை உடைத்து மாலையைக் கழற்றினேன். நிமிர்ந்தால் தமயந்தி கையில் இன்னொரு மாலை. "தைப்பூசம் வருதுல்ல. பழனிக்கு வேண்டிக்கிட்டேன்" என்றாள். கழுத்து வெறுமனே இருந்தது ஒரு மூச்சு நேரம் இருக்கும். கருப்பிலிருந்து பச்சை வேட்டிக்கு மாறினேன்.

பிப்ரவரி 15

பழனி முடிந்து வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் சமயபுரத்துக்கு மாலை. மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. தெருவில் சின்னப் பசங்கள், "சிக்னல் சாமி" என்கிறார்கள். அடுத்தது சிவப்புதான் என்று அவர்களுக்குள் பந்தயம்.

சாயங்காலம் தமயந்தி சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பங்குனி, சித்திரை அம்மனுக்கு. வைகாசி முருகனுக்கு. ஆடி மேல்மருவத்தூர். ஆவணியில் அந்தோணியோடு வேளாங்கண்ணிக்கு நடந்துவிடலாம், மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள். புரட்டாசி பெருமாள். ஐப்பசி கந்த சஷ்டி. ஆனி மாதத்தில்தான் வந்து முட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆனியில ஒரு சாமியுமே இல்லையாங்க?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்துபோய் இருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "விசாரிச்சுப் பாப்போம்" என்றேன். பிறகு பசி மருந்து கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டியதாயிற்று.

மார்ச் 9

பாலகுரு கடைக்கு வந்தான். கார்த்திகையிலும் மார்கழியிலும் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துப் பிடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வயிறு முன்னால் வந்து நின்றது, கைகால் குச்சியாக இருந்தது. கண் இரண்டும் மஞ்சள். என் வேட்டியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சமயபுரத்தா கலர்தான் மாப்ள" என்று சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போடா என்றேன். "போனா குடிப்பியான்னு கேப்பாங்க. அந்த அசிங்கத்துக்கு யாரு போறது?" என்றான். அதுவும் நியாயம்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மார்ச் 24

பாலகுரு செத்துப்போய்விட்டான்.

மார்ச் 24, மறுபடியும்

அந்தோணிதான் வந்து சொன்னான். விடியற்காலையில் ரத்தமாக வாந்தியெடுத்திருக்கிறான். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சொல்ல வேண்டுமாம், அவன் பெண்டாட்டி செல்வராணி கேட்டுக்கொண்டாளாம். எங்கள் செட்டில் இதுவரை போனவர்கள் எல்லாருமே மாரடைப்புத்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனர் நான்தான் அடிக்க வேண்டும். படம் தேடினேன். எங்கள் கூட்டுப் படம் நூறு இருக்கும், ஒன்றிலாவது அவன் கையில் கிளாஸ் இல்லாமல் இருக்கிறானா என்று பார்த்தால் இல்லை. தங்கச்சி கல்யாணத்தில் கிளாஸ். மகன் காதுகுத்தில் கிளாஸ். கடைசியில் கிளாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவை வைத்தேன். பூவைப் பிடிக்கிற பிடி இல்லை அது. யாருக்குத் தெரியப் போகிறது? கீழே 'துயரத்தில் வாடும் நண்பர்கள்' வரிசையில் எங்கள் முகங்களை வைத்தேன். முன்பெல்லாம் இந்த வரிசையில் இடம் பற்றாமல் முகத்தைச் சின்னதாக்குவேன். இன்று நிறைய இடம் மிச்சம் இருந்தது. என்னையும் அந்தோணியையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியும் நிரம்பவில்லை.

சாவு வீட்டுக்கு மாலை போட்டவன் போகக் கூடாது. போக வேண்டுமென்றால் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பேனரை அந்தோணியிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பறை சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

மார்ச் 25

பாலகுருவின் அக்கா வெளியூரிலிருந்து வர வேண்டும் என்பதால் மத்தியானம்தான் எடுப்பார்கள். காலையிலேயே தமயந்தி போய்விட்டு வந்தாள். ஈரத் தலையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"செல்வராணி கேக்குறா. 'ஊரே வந்து பாத்துருச்சு, கூடவே சுத்துன அண்ணனைக் காணோமே'ன்னு. போய்ட்டு வாங்க."

"மாலை இருக்குல்ல."

"கழட்டிட்டுப் போங்க. அம்மன் ஒண்ணும் சொல்லாது."

"நீ முசிறிக்குப் போயிருவியே."

அவள் அம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. "கழட்டினா குடிச்சிருவேன் தமயந்தி" என்றேன்.

"இப்ப மட்டும் குடிக்காமயா இருக்கீங்க? பீரோவுக்குப் பின்னாடி கெடக்குற அரிஷ்டப் பாட்டிலை எல்லாம் கழுவி நல்லெண்ணெய் ஊத்தி வெச்சிருக்கிறது யாருன்னு நெனச்சீங்க? பாட்டில் அதிகமாயி, எண்ணெய் பத்தாம அங்கன்வாடிக்குக் குடுத்துட்டேன்."

"தெரிஞ்சுமா இங்க இருந்தே?"

"ஒளிச்சு வெச்சீங்கல்ல. ஒளிக்கிற அளவுக்காவது பயம் இருக்கேன்னு பாத்தேன். அந்தப் பயத்தைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன், பைத்தியக்காரி மாதிரி. இன்னைக்குச் செல்வராணி என்னைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு, 'நீ குடுத்து வெச்சவ, உன் வீட்டுக்காரரு சாமியாயிட்டாரு'ன்னு அழுவுறா. எனக்கு எங்க போயி முட்டிக்கிறதுன்னு தெரியலைங்க."

மாலையைக் கழற்றி அம்மன் படத்தில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். சாவு வீட்டில் பாலகுரு முகத்தைப் பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் அந்தோணி நின்றிருந்தான், தவக்காலத்துக் காவித் துண்டோடு. இன்று ஒருநாள் லீவு என்றான். பிளாஸ்டிக் டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பாலகுருவுக்கும் ஒன்று ஊற்றி வைத்திருந்தார்கள், அவன் குடிக்கிற அதே சரக்கு. ஆத்மா சாந்தியடையவாம். அவனைக் கொன்றதை அவனுக்கே படையல் வைக்கிறோமே என்று ஒருத்தனாவது சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம்.

குடித்தேன். என்னுடையதையும் அவனுடையதையும்.

மார்ச் 26

விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தமயந்தி ஒரு பையில் துணியை அடுக்கி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கயலைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். "கெளம்பிட்டியா?" என்றேன். "கெளம்பிட்டேன்" என்றாள்.

பேருந்து நிலையம் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். சட்டைப் பட்டனைக்கூட மாற்றிப் போட்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க மாலையைக் கழற்ற மாட்டேன் என்றேன். சிவப்பு, காவி, எந்தக் கலர் சொன்னாலும் கட்டுகிறேன் என்றேன். ஆனி மாதத்துக்கு நானே ஒரு சாமியைக் கண்டுபிடிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். என் கடைக்கு எதிரே நின்று அழுதேன், ஊரே வேடிக்கை பார்த்தது. முசிறி பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. திருச்சி பஸ் வந்ததும் படியில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்து, "ஏறுங்க" என்றாள்.

பைக்குள் இருந்ததெல்லாம் என் கைலி, என் துண்டு, என் பல் பிரஷ்.

பெரிய ஆஸ்பத்திரி. போதை மறுவாழ்வுப் பிரிவு என்று போர்டு, நல்ல எழுத்து, டிஜிட்டல் பிரிண்ட்தான். டாக்டரம்மா சின்ன வயசு. குடிப்பீங்களா என்று கேட்டார். "மாலை போட்டிருந்தேங்க" என்றேன். "அதைக் கேக்கலிங்களே" என்றார். தமயந்தி தன் கைப்பையிலிருந்து ஒரு அரிஷ்டப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். கழுவாத பாட்டில். பிறகு கார்த்திகையில் அருள் வந்த கதையைச் சொன்னாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது சாமி இல்லைங்க, ஃபிட்ஸ். தினம் குடிக்கிற உடம்பு, ஒரே நாள்ல நிறுத்தினா இப்படித்தான் வெட்டி இழுக்கும். கண்ணுல எறும்பு, பூச்சியெல்லாம் தெரியும். ஆளே போயிடுவாங்க. வருஷா வருஷம் கார்த்திகை மொத வாரத்துல இங்க தூக்கிட்டு வருவாங்க. நிறுத்தணும்னு நெனச்சது நல்லதுதான். இங்க வந்து மருந்தோட நிறுத்தியிருக்கணும்."

தமயந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் அதுக்குக் கற்பூரம் காட்டுனேன் டாக்டர்" என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடிக்க என் கையை நீட்டினேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் 27

இங்கே கட்டில் எண் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தமயந்தி கிளம்பும்போது, "முசிறிக்குப் போயிருவியா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க" என்றாள். "இந்தத் தடவை நான் எதுவும் சொல்றதா இல்ல. நான் இருப்பேன்னு நீங்க விட வேண்டாம், போயிருவேன்னும் விட வேண்டாம். உங்களுக்கு வேணும்னா விடுங்க. கயலு பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கா, நான் போயிச் சோறாக்கணும்."

போய்விட்டாள். கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து எனக்கே புரியவில்லை. தொண்டை வறண்டு, உடம்பு உள்ளங்கால் வரைக்கும் அது ஒன்றைத்தான் கேட்கிறது. பாலகுரு செத்ததை நினைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க இன்னும் அதிகமாகத்தான் கேட்கிறது. இது பசியில்லை, குளிரில்லை, மவுஸ் கெட்டுப்போனதும் இல்லை.

ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், "எனக்குக் குடிக்கணும்ங்க" என்று சொன்னேன்.

"அதுக்குத்தான அட்மிட் பண்ணியிருக்கு" என்றார் அவர். "கையைக் காட்டுங்க."